வாடி யாருடைய சொல் என்று கேட்காதீங்க

"வாடி" தமிழ்ச் சொல்லா, சிங்களச் சொல்லா? இந்தக் கேள்வியோட வாற ஆக்கள் ரெண்டு பக்கமும் இருக்கினம். ஒரு பக்கம், "வாடி எங்கட சொல், ஆகவே கற்பிட்டிக் கரை எங்கட கரை" என்று சொல்லும். மற்றப் பக்கம், "வாடிய எங்கட சொல், ஆகவே..." என்று அதே வசனத்தை அதே வேகத்தில் சொல்லும். எங்களுக்குப் பிரச்சினை அந்த "ஆகவே"தான். ஒரு சொல் எந்த மொழியில் பிறந்தது என்பதை வைத்து ஒரு கரை யாருக்குச் சொந்தம் என்று எப்படி முடிவு கட்டுறது?

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வாடியின் பிறப்புச் சான்றிதழுக்காக நாங்கள் அடிபட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில், அதன் பொருளை வேறு ஆக்கள் எழுதி முடிச்சிட்டினம். 'தற்காலிகக் குடில்' என்று. திட்ட அறிக்கைகளில், வரைபடங்களுக்குக் கீழே இருக்கிற குறிப்புகளில், வாடிக்குக் கிடைக்கிற விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த ரெண்டு சொல்லால் மீன்பிடிக்கிற சனம் இழக்கிறது சொல்லை இல்லை, கரையை.

முதலில் வாடியைக் காணாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேணும். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போனால் வலப்பக்கம் புத்தளம் களப்பு, இடப்பக்கம் பெருங்கடல். நடுவில் இருக்கிற ஒடுங்கின நிலத்தில்தான் நுரைச்சோலை, தலவில, கற்பிட்டி எல்லாம் இருக்கு. தலவில என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வாறது புனித அன்னம்மாள் கோவில். இப்ப நிற்கிற கோவில் 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடக்கிற பெருவிழாவுக்குத் தமிழ் பேசுற சனமும் சிங்களம் பேசுற சனமும் லட்சக்கணக்கில் வரும். வந்து கோவிலைச் சுற்றி மரநிழலில், கூடாரத்தில், கிடுகுக் கொட்டிலில் தங்கும். அந்தக் கொட்டிலையும் வாடி என்று சொல்கிற சனம் உண்டு.

கடற்கரை வாடி இன்னொரு வகை. கம்பு நட்டு, கிடுகோ தகரமோ போட்டு, மணலில் நிற்கும். உள்ளுக்கு வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை, ஒரு மாதா படம். வெளியில் கருவாடு காயுது. கச்சான் காற்று அடங்கிக் கடல் திறக்கிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் குடும்பங்கள் இந்தக் கரைகளுக்கும் தீவுகளுக்கும் வந்து, வாடி போட்டு, பருவம் முடிய ஊருக்குத் திரும்பும். அடுத்த வருசம் அதே இடத்துக்கு வரும். தாத்தா வந்த இடத்துக்குப் பேரனும் வாறான். இடையில் அந்தக் குடும்பத்தின் வீட்டு மொழியே மாறியிருக்கலாம். தாத்தா தமிழில் செபம் சொன்னவர், பேரன் சிங்களத்தில் சொல்கிறான். நீர்கொழும்பில் இருந்து புத்தளம் வரையான கரையில் போன நூற்றாண்டில் இது குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக நடந்த கதை. பள்ளிக்கூட மொழி மாறினது, கோவில் மொழி மாறினது, பிறகு அடுப்படி மொழியும் மாறினது. ஆனால் வள்ளம் 'வல்லம'வாக, தெப்பம் 'தெப்பம'வாகச் சிங்களத்திலும் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கு. வாடியும் 'வாடிய'வாக அதே மணலில் நிற்குது.

இனி அந்தச் சொல்லோட கொஞ்சத் தூரம் நடந்து பார்ப்பம்.

தமிழில் வாடிக்குச் சொந்தக்காரர் கன பேர். விறகு விற்கிற இடம் விறகு வாடி. மரம் அறுத்து அடுக்கி வைக்கிற இடம் மரவாடி. ஜல்லிக்கட்டில் காளை வெளியே பாயிற வாசல் வாடிவாசல். சி. சு. செல்லப்பா 1959இல் எழுதிய நாவலுக்கு அதுதான் தலைப்பு. எங்கட நாட்டில் இன்னொன்றும் இருக்கு. அரசாங்கத்தின் பழைய 'ரெஸ்ட் ஹவுஸ்' எல்லாம் தமிழில் வாடிவீடு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சிருங்கோ, திரும்பி வருவம்.

இதுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே கருத்துத்தான் தெரியுது: ஒரு வேலைக்கென்று அடைத்தோ ஒதுக்கியோ வச்ச இடம். "மீன் வாடுற இடம், அதனால வாடி" என்று சொல்லுற ஆக்களும் இருக்கினம். கேட்க இனிமையாத்தான் இருக்கு. கருவாட்டிலும் அந்த 'வாடு' இருக்கு, உண்மை. ஆனால் வாடிவாசலில் சீறிக்கொண்டு நிற்கிற காளை வாடிப்போயா நிற்குது? ஒலி ஒன்றாக இருந்தால் உறவும் ஒன்று என்று எடுத்தால், சிநேகிதியைக் கூப்பிடுற "வாடி!"யையும் மீன்பிடித் திணைக்களத்துக்குக் கீழ்தான் கொண்டுபோகவேணும்.

சிங்களத்தில் வாடிய என்றால் தங்கல், கொட்டில், முகாம். அதைவிட அதிகம் கேட்கிறது 'வாடிவென்ன'. எந்தக் கந்தோருக்குப் போனாலும், எந்த வீட்டுக்குப் போனாலும், "இருங்கோ" என்பதற்கு அதுதான். அங்கே வாடி அமர்கிறதோட சேர்ந்து நிற்குது. தமிழிலும் அமர்தல் என்பதற்குள் கதிரையில் இருப்பது மட்டுமில்லை, குடியமர்வதும் இருக்கு.

பாக்கு நீரிணையைத் தாண்டி வடக்கே போனால், சமஸ்கிருதத்தில் 'வாட' என்பது வேலி அடைத்த இடம், 'வாடிகா' என்பது தோட்டம். அகராதிகள் எங்கட வாடியையும் இந்தக் குடும்பத்தோடதான் சேர்த்துக் காட்டும். கம்பன் வழியாக நாங்கள் அசோகவனம் என்று படிக்கிறதை வடக்கே அசோக வாடிகா என்று சொல்லுவினம். அந்தக் கணக்கில் இலங்கையில் சிறை இருந்த சீதையும் ஒரு வாடியில்தான் இருந்திருக்கிறா. மராத்தியில் வாடி என்றால் சின்ன ஊர். சாவந்த்வாடி ஒரு நகரத்தின் பெயர். மும்பையின் கிர்காவில் இருக்கிற கோத்தாச்சிவாடி பழைய மரவீடுகளுக்குப் பெயர்போன ஒரு குடியிருப்பு. குஜராத்தியில் தோட்டம். இந்தியா முழுக்கக் குழந்தைகள் போற அங்கன்வாடி, 1975இல் தொடங்கின திட்டத்தோட ஊர் ஊராகப் பரவின சொல். 'அங்கன்' முற்றம், 'வாடி' அடைத்த இடம்.

வங்காளத்துக்குப் போனால்தான் எங்களுக்கு வேண்டிய இடம் வருது. வங்காளியில் அதே வேரில் இருந்து வந்த சொல் 'பாடி'. அந்த 'டி'யை நாக்கை மடக்கி 'ரி'க்குக் கிட்டவாகச் சொல்லுவினம். பொருள், வீடு. பின்னேரம் வேலை முடிஞ்சு திரும்பிப் போற வீடு. கொல்கத்தாவில் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ மாளிகைக்கே பெயர் தாகுர்பாடிதான். அங்கே மாளிகைக்குப் பெயராக நிற்கிற சொல்லுக்குத்தான் எங்கட கரையில் 'தற்காலிகக் குடில்' என்று விளக்கம் எழுதுறாங்கள். ஒரே வேர், ஒரு நாட்டில் தலைமுறை வீடு, இன்னொரு நாட்டில் எப்பவும் கழற்றி எறியலாம் என்கிற கொட்டில். அப்ப இந்தத் 'தற்காலிகம்' சொல்லுக்குள் இருந்து வரவில்லை. யாரோ வெளியில் இருந்து கொண்டுவந்து ஏற்றினது.

அரபு பாக்கி இருக்கு. புத்தளம் மாவட்டத்தில் இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன எத்தனையோ பேருக்கு இன்னொரு சொல்லும் தெரியும். ஓமானில், சவூதியில் மலைக்கு இடையில் காய்ந்து கிடந்து, மழை வந்தால் திடீரென்று வெள்ளம் பாயிற பள்ளத்தாக்கு. தமிழ் எழுத்தில் அது 'வாதி'. பல்லில் படுகிற 'த' அது, எங்கட வாடியில் இருக்கிற 'ட' வேறு. ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆற்றுப் பெயரின் முன்பாதி இந்த அரபு வாதிதான், 'பெரிய பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். 1344இல் இபன் பதூதா புத்தளத்தில் வந்து இறங்கினபோது அவர் வாயில் இருந்ததும் அந்த வாதிதான். வாதிக்கும் வாடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ரெண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கோ, ஒரே நாலு எழுத்து வரும். கற்பிட்டி முஸ்லிம் மக்களைக் காட்டி "வாடி அரபுச் சொல்" என்று யாராவது ஒரு வீடியோ போட்டால், அந்த ஆராய்ச்சி நடந்தது ஆங்கிலக் கீபோர்டில் என்று விளங்கிக்கொள்ளலாம்.

ஆக, வாடிக்கு உண்மையான சொந்தங்களும் இருக்கு, ஒலியால் மட்டும் சொந்தமாகத் தெரியிறதும் இருக்கு. இதைத் தெரிஞ்சுகொள்ளுறது சந்தோசமான வேலை. நாங்கள் மொழி படிக்கிற ஆக்கள், இது வேண்டாம் என்று சொல்ல மாட்டம். நாங்கள் வேண்டாம் என்று சொல்லுறது இதைக் காணி உறுதியாக மாத்துற வேலையை. மேசை, சப்பாத்து, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். சிங்களத்திலும் அதுகள்தான் கொஞ்சம் வால் மாறி நிற்குது. அதுக்காக எங்கட வீட்டு ஜன்னல் லிஸ்பனுக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் சொல்லேல்லை. போர்த்துக்கேயரோட இப்ப எங்களுக்குக் காணிப் பிரச்சினை இல்லை, அதால சொல்லிலும் பிரச்சினை இல்லை. தமிழ், சிங்களம் என்று வந்தால் மட்டும் ஒவ்வொரு குளத்தின் பெயரும் ஒவ்வொரு திட்டியின் பெயரும் நீதிமன்றத்துக்கு வந்திடும். மணலாறு வெலிஓயா ஆனதைக் கண்ட நாட்டில் இந்தப் பயம் சும்மா வந்ததில்லை என்று எங்களுக்கும் தெரியும். மணலாறும் வெலிஓயாவும் ஒரே அர்த்தம்தான், மணல் ஆறு. சொல்லின் அர்த்தம் கொஞ்சமும் மாறேல்லை, அங்கே இருந்த மனுசர்தான் மாத்தப்பட்டினம். அதே உதாரணம்தான் எங்கட வாதத்துக்கும் துணை. அங்கே சனம் இடம்பெயர்ந்தது சொற்பிறப்பில் தோற்றுப்போய் இல்லை. ஆமியும் குடியேற்றத் திட்டமும் வந்து நடந்தது அது.

இப்ப 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு வருவம். இந்த நாட்டில் அது சாதாரணச் சொல் இல்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் இந்தக் கற்பிட்டி நிலத்துக்கும்தான். கிடுகுக் கொட்டில் முகாம்களில் 'தற்காலிகமாக' இருந்தார்கள். அந்தத் தற்காலிகத்தில் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சு, கலியாணமும் கட்டினது. இருபது வருசம் தாண்டியும் அவர்கள் இந்த ஊரிலும் முழுசாக இல்லை, அந்த ஊரிலும் முழுசாக இல்லை. 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டால் தண்ணிக் குழாய் போடத் தேவையில்லை, காணி குடுக்கத் தேவையில்லை, வாக்காளர் இடாப்பில் எங்கே பதியிறது என்று இழுத்தடிக்கலாம். அது காலத்தை அளக்கிற சொல்லே இல்லை. "உனக்கு நான் பொறுப்பில்லை" என்பதை மரியாதையாகச் சொல்லுற விதம்.

வாடிக்கும் நடந்தது இதுதான். கரை அரச நிலம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரையில் இருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று வரையறுத்தது. வாடிக்காரனிடம் உறுதி இல்லை. அவனிடம் இருக்கிறது பழக்கம், பருவம், பக்கத்து வாடிக்காரனின் ஒப்புதல். 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. அதே வலயத்தில் சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் தளர்வு என்று மீனவர் அமைப்புகள் அப்பவே சத்தம் போட்டன. கடலுக்குப் போறவன் கடலில் இருந்து தள்ளி இருக்கவேணும், கடலைப் பார்க்க வாறவன் கிட்ட இருக்கலாம்!

பிறகு வந்தது கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம். 14 தீவுகள் அதற்குள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு வேலை வேகமெடுத்தது. வேலி வந்தது, கரைக்குப் போற பாதைகள் அடைபட்டன, வள்ளம் இழுத்து ஏற்றுற இடமும் கரைவலை வளைக்கிற பாடும் போகுது என்று மீனவச் சனம் போராடினது. அந்தச் சனத்துக்கு எதிராக நின்ற கேள்வி ஒன்றே ஒன்று: "நீங்கள் இங்க நிரந்தரமா இருக்கிற ஆக்களா?" வருசத்தில் ஆறு மாசம், மூன்று தலைமுறையாக வாறம் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாக எடுபடாது. ஏனென்றால் வாடி என்பதன் பொருள் ஏற்கனவே எழுதியாச்சு.

இங்கேதான் வாடிவீடு திரும்பி வருது. வெள்ளைக்காரன் காலத்தில் சுற்றுப்பயணம் போற உத்தியோகத்தர்கள் தங்குறதுக்காக ஊர் ஊராகக் கட்டின வீடுகள் அவை. கடலோ ஆறோ களப்போ தெரியிற நல்ல இடமாகப் பார்த்துக் கட்டியிருப்பாங்கள். அங்கே ஒரு உத்தியோகத்தர் தங்கிறது ரெண்டு ராத்திரி. சில வேளை வாழ்நாளில் ஒரு தரம். அதற்குக் கல்லு, சீமெந்து, ஓடு, சமையல்காரர், அரசாங்கப் பதிவு. எங்கட சனம் ரெண்டையும் ஒரே சொல்லால்தான் கூப்பிட்டது. அதுவும் வாடி, இதுவும் வாடி. ரெண்டு ராத்திரிக்காரனின் வாடி நிரந்தரக் கட்டடமாகப் பதிவாகி, ஆறு மாசக்காரனின் வாடி தற்காலிகக் குடிலாகக் கழிபட்டது. கிடுகுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருக்கிறது கால வித்தியாசம் இல்லை, வர்க்க வித்தியாசம்.

இப்ப அந்தச் சொல்லுக்கே நல்ல விலையும் வந்திட்டுது. கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் 'பீச் வாடிய' என்று பெயர்போன கடலுணவுக் கடையே இருக்கு. கிடுகும் மரக்கம்பும் வெளிநாட்டுக்காரருக்குப் பிடிச்ச அலங்காரம். கற்பிட்டியில் மே தொடக்கம் ஒக்டோபர் வரை கைட் சர்ஃபிங் பருவம். மீன்பிடிக்காரனுக்குக் கடலை மூடுற அதே கச்சான் காற்றுத்தான் பட்டத்தைத் தூக்குது. அந்த ஆறு மாசத்துக்கு மட்டும் வந்து போறவரையும் பருவகாலத்து ஆள் என்றுதான் சொல்லவேணும். ஆனால் அவரிடம் யாரும் "நீங்கள் நிரந்தரமா?" என்று கேட்கிறதில்லை. அவர் முதலீடு, மீனவன் ஆக்கிரமிப்பு. நாங்கள் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லேல்லை. படகோட்டவும் சமைக்கவும் வழிகாட்டவும் அந்தக் கரைப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குது, அது உண்மை. பருவத்துக்கு வாற ரெண்டு பேரில் ஒருத்தருக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி என்றுதான் கேட்கிறம்.

இந்த இடத்தில் எங்களை மறிச்சு ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். "வாடி தற்காலிகம் இல்லை, அது வீடு மாதிரி என்று நீங்கள் சொன்னால், அப்ப நாயாற்றில, கொக்கிளாயில என்ன சொல்லுவீங்கள்?" கேட்கவேண்டிய கேள்விதான். மேற்குக் கரையில் கச்சான் அடிக்கிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி போடுவது பழைய வழக்கம். யுத்தத்துக்குப் பிறகு அந்த வாடிகள் பெருகின விதம், ஆமிக்காரரின் நிழலில் நிலைத்த விதம், உள்ளூர்த் தமிழ் மீனவர்களின் கரைவலைப் பாடு பறிபோன விதம், எல்லாம் கசப்பான கதை. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டன. கற்பிட்டியில் பறிகொடுக்கிறவனின் சொல் அங்கே பறிக்கிறவனின் சொல்லாகத் தெரியுது.

இதுக்கு எங்கட பதில் இது. வாடி என்ற சொல் யாருக்கும் தன்னால் உரிமை குடுக்காது. அது தமிழ் என்றால் தமிழனுக்கும் குடுக்காது, சிங்களம் என்றால் சிங்களவனுக்கும் குடுக்காது. இருந்த காலக் கணக்கு மட்டும் உரிமை குடுக்காது. உரிமை வாறது பக்கத்தில் இருக்கிறவனோட செய்த ஒழுங்கில் இருந்து. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடுறவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று முறை வச்சுத்தான் காலங்காலமாகப் பிடிக்கிறார்கள். முறை தவறினால் கேட்கிறதுக்குச் சங்கம் இருக்கு. வாடியும் அப்படி ஒரு ஒழுங்குக்குள் நின்ற இடம்தான். கேட்டு வந்தான், இடம் குடுத்தார்கள், பருவம் முடிய எழும்பிப் போனான், அடுத்த வருசம் வந்தான். முல்லைத்தீவில் உடைந்தது அந்த ஒழுங்கு. கேட்காமல் வந்தது, ஆயுதத்தின் பக்கத்தில் நின்றது, முறை குடுக்காதது. கற்பிட்டியில் உடைந்ததும் அதே ஒழுங்குதான், அங்கே உடைச்சது வேலியும் முதலும். ரெண்டு இடத்திலும் கேட்கவேண்டியது "இந்த வாடி போட யாரைக் கேட்டாய்? யாரை எழுப்பினாய்?" என்பது. "உன்ர வாடி எந்த மொழி?" என்று கேட்டால் ரெண்டு இடத்திலும் தப்பான ஆள்தான் தப்பிப்பான்.

வாடியைச் சொர்க்கம் மாதிரிக் காட்டுறதும் எங்கட நோக்கம் இல்லை. வாடிக்குள்ளும் சம்மாட்டி இருக்கிறார், முதலாளி இருக்கிறார், முற்பணம் என்ற கயிறு இருக்கு. பிடிச்ச மீனுக்கு விலை சொல்லுறது பிடிச்சவன் இல்லை. கருவாடு வெட்டி, உப்புப் போட்டு, காயவைக்கிற பெண்களின் கை உப்பில் வெடிச்சுக் கிடக்கும். அவர்களின் கூலி பல இடத்தில் கணக்கிலேயே வராது. "எங்கட பாரம்பரிய வாடி" என்று பேச்சு மேடையில் உருகுகிற ஆக்கள், தமிழ் மேடையோ சிங்கள மேடையோ, இந்தக் கைகளைப் பற்றிக் கதைக்கிறது குறைவு. சொல்லைப் பாரம்பரியம் என்று தூக்கி வச்சால், சொல்லுக்குள்ள இருக்கிற மனுசரைக் கேள்வி கேட்கத் தேவையில்லாமல் போயிடும். சொற்பிறப்புச் சண்டையால் லாபம் ஆருக்கு என்று பார்த்தால் இதுவும் தெரியும்.

தலவிலவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் நிற்குது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம், மூன்று அலகு சேர்த்து 900 மெகாவாட். அதைக் கட்டப் போறம் என்ற காலத்தில் மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தார்கள். கோவிலுக்கு என்ன ஆகும், கடலுக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் தமிழ் பேசுறவர்களும் இருந்தார்கள், சிங்களம் பேசுறவர்களும் இருந்தார்கள். 2011இல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கினது. அந்தப் புகைபோக்கி நிரந்தரம், அதற்குக் கீழ் வலை இழுக்கிறவன் தற்காலிகம். அந்தப் புகை எந்த மொழிக்காரன் மூக்கு என்று பார்த்துப் போகுதா என்ன?

அதனால எங்களை மாதிரி மொழி, சமூகவியல், புவியியல் என்று கலைப்பீடங்களில் படிக்கிற ஆக்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. வாடி எங்கிருந்து வந்தது என்று கட்டுரை எழுதினது போதும். அது இப்ப எங்கே நிற்குது என்று எழுதுவம். தலவில தொடக்கம் கற்பிட்டி வரை, பிறகு தீவுகளில், எந்தக் கரையில் யார் எத்தனை பருவமாக வாடி போடுகிறார்கள், யாரிடம் கேட்டுப் போட்டார்கள், எந்தப் பாதையால் கடலுக்குப் போனார்கள், அந்தப் பாதை இப்ப திறந்திருக்கா என்று அவர்கள் வாயால் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பக்கம் பக்கமாகப் பதிவோம். அவர்கள் சொல்லுற பாடு, வாடி, கச்சான், கரைவலை எல்லாவற்றுக்கும் அவர்களின் விளக்கத்தையே எழுதுவோம். அப்படி ஒரு பதிவு கையில் இருந்தால், அடுத்த திட்ட அறிக்கை 'தற்காலிகக் குடில்' என்று எழுதுறபோது, "இல்லை, இது இன்னார் இத்தனை வருசமாக, இன்னாரின் சம்மதத்தோட இருக்கிற இடம்" என்று அதே மேசையில் வைக்கலாம். முல்லைத்தீவில் சம்மதம் இல்லாமல் நிற்கிற வாடியை எதிர்த்து வைக்கவும் அதே பதிவு உதவும்.

அகராதி செய்யிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கு எதிரே 'தற்காலிகக் குடில்' என்று எழுதாதீங்கோ. எழுதத்தான் வேணும் என்றால் இப்படி எழுதுங்கோ: வாடி, பெயர்ச்சொல். கடற்தொழில் செய்யிறவர்கள் பருவந்தோறும் திரும்பி வந்து, பக்கத்தில் இருக்கிறவர்களின் ஒப்புதலோட தங்கித் தொழில் செய்யிற இடம்.

இதில் 'திரும்பி வந்து' என்பதும் 'ஒப்புதலோட' என்பதும் முக்கியம். ரெண்டையும் வெட்டிப்போட்டு யாராவது சுருக்கித் தந்தால், தமிழில் தந்தாலும் சிங்களத்தில் தந்தாலும் கையெழுத்து வைக்காதீங்கோ.